கேம் செய்யப் பணம் கட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பிளஸ் டூ கணினி அறிவியல் ஆசிரியை. "மிஸ், கேம் செய்யக் கத்துக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, பயிற்சி மைய விளம்பரங்களைப் பார்க்கும் முன் கேம் உருவாக்க உதவும் இலவச மென்பொருளான கோடோ (Godot) எஞ்சினை இறக்கிப் பாருங்கள் என்கிறேன். அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் உருவாக்கி, 2014-இல் எம்.ஐ.டி. உரிமத்தில் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற அனுமதி) எல்லோருக்கும் திறந்துவிட்டது. விண்டோஸுக்கான கோப்பு 100 எம்.பி.கூட இல்லை, இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி, நம் பாடத்தில் வரும் பைத்தானின் சாயலில் இருப்பது பெரிய வசதி.

உரிமம் முக்கியமா என்று கேட்பவர்கள், இதேபோன்ற கேம் எஞ்சினை நடத்தும் யூனிட்டி நிறுவனத்தைப் பார்க்கட்டும். ஒரு வரம்பைத் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கேம் செய்தவர் கட்டணம் கட்ட வேண்டும் என்று 2023 செப்டம்பரில் அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் மறு ஆண்டு கைவிட்டது. கோடோவில் அப்படி விதியை மாற்ற முதலாளியே கிடையாது.

தமிழுக்கும் ஒரு லாபம். கோடோவின் பழைய பதிப்புகளில் 'பெண்' என்று எழுதினால் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும். 2023-இல் வந்த 4.0 பதிப்பு அதைச் சரிசெய்துவிட்டது. (கோடோவில் செய்த கேமைப் பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களில் வெளியிட மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு போதும்.)

அரசுப் பள்ளி ஹைடெக் லேப் கணினிகளில் இதைப் போட்டுத்தரக் கல்வித்துறை உத்தரவிட வேண்டும். கோடைவிடுமுறைக்கு முன் செய்தால் நல்லது.

கணினி ஆசிரியை,
திருவாரூர்