'சிஸிஜி' என்றால் கிரகணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கடல் ஓதங்களைப் பற்றி, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதைப் பற்றி, வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். நிலவின் ஈர்ப்பை அவ்வளவு தெளிவாக விளக்கிய கட்டுரையாளர் ஒரு சொல்லில் மட்டும் இடறியிருக்கிறார். syzygy என்ற வானியல் சொல்லைச் 'சைசைகி' என்று எழுதி, அதற்குக் 'கிரகணம்' என்று பொருளும் தந்திருக்கிறார். ஒலிப்பு, பொருள் இரண்டையுமே திருத்த வேண்டியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலசை அழுத்தம் பெற்றுச் 'சிஸிஜி' என்று ஒலிக்கும். மூன்று உயிர்களும் இகரமே. இடையில் வருவது குரல்நாண் அதிரச் சொல்லும் ஸகரம் (ஆங்கில z). அதற்குத் தமிழில் தனியெழுத்து இல்லை. கருவுற்ற முட்டையைக் குறிக்கும் 'சைகோட்' என்ற சொல்லைப் பழகியவர்கள் இதிலும் ஐகாரத்தைக் கொண்டுவருவது இயல்புதான், ஏனெனில் இரண்டுக்கும் மூலம் நுகத்தடியைக் குறிக்கும் 'சுகோன்' என்ற கிரேக்கச் சொல்லே. அதனுடன் 'கூட' என்னும் பொருளுடைய 'சுன்' சேர்ந்து, ஒரே நுகத்தில் பூட்டப்பட்ட நிலையைக் குறிக்கும் 'சுசுகியா' பிறந்தது. பண்டைய ஏதென்ஸ் நகரத்தார் இதன் உகரத்தை, உகரத்துக்குக் குவிக்கும் இதழோடு இகரத்தைச் சொல்வதுபோல் ஒலித்தனர். இன்றைய கிரேக்கத்தில் கணவனையும் மனைவியையும் ஒன்றுபோலச் 'சிசிகோஸ்' என்பதும் இதே நுகத்தின் வழிதான். வடமொழியின் யுகம், யோகம் ஆகியவையும் அதே தொல்வேரிலிருந்து கிளைத்தவை.

வானியலில், ஞாயிறும் புவியும் நிலவும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைவதே சிஸிஜி. அமாவாசையும் அதுதான், பௌர்ணமியும் அதுதான். ஆண்டொன்றில் 24 அல்லது 25 முறை இது நிகழ்கிறது; கிரகணங்களோ 4 முதல் 7 வரைதான். நிலவின் பாதை புவியின் பாதைத் தளத்துக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான மாதங்களில் நிழல் விலகிப் போய்விடுகிறது. கிரகணம் ஒவ்வொன்றும் சிஸிஜியில்தான் நிகழும், ஆனால் சிஸிஜி ஒவ்வொன்றும் கிரகணம் ஆகாது. கட்டுரை பேசிய பேரோதம், அதாவது கடல்மட்டம் மிக உயரும் ஓதம், சிஸிஜியைச் சார்ந்தது; அது கிரகணத்துக்காகக் காத்திராமல் மாதம் இருமுறை வருவதற்கு இதுவே காரணம். கணிதத்திலும் 1890-இல் ஹில்பர்ட் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் நிறுவிய தேற்றம் ஒன்று இப்பெயரைத் தாங்கியிருக்கிறது என்றாலும், அங்கே சொல்லின் பொருள் வேறு.

இச்சொல்லுக்குத் தமிழில் நிகர் தேடி அலைய வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. அமாவாசையைக் காருவா என்றும் பௌர்ணமியை வெள்ளுவா என்றும் சொல்லி, இரண்டுக்கும் பொதுவாக 'உவா' என்ற ஒற்றைச் சொல்லை நம் முன்னோர் வைத்திருந்தனர். புறநானூற்றின் 65-ஆம் பாட்டில் கழாஅத்தலையார், உவவு (உவா) நாளில் "இருசுடர் தம்முள் நோக்கி" நிற்க, அவற்றுள் ஒன்று மாலையில் மலைக்கப்பால் மறைவதைச் சொல்கிறார். ஞாயிறும் முழுநிலவும் எதிரெதிரே நிற்கும் அந்தக் காட்சியைவிடச் சிஸிஜிக்குத் தெளிவான விளக்கம் நான் கண்டதில்லை.

ஆகவே அடுத்த இதழில் ஒலிப்பையும் பொருளையும் திருத்தி வெளியிடுமாறும், இனி இப்பொருள் வரும் கட்டுரைகளில் 'உவா' என்ற சொல்லை முதலில் எழுதி, 'சிஸிஜி' என்பதை அதன் பக்கத்தில் ஒருமுறை மட்டும் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்