நீச்சலை விட்டுவிடாதீர்கள், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நீச்சல் உடையைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு பொறுக்கவில்லை. கனம் தூக்க வேண்டாம், முக்க வேண்டாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். நீந்தக் கூடாது என்பதை நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள். எனக்கும் இதே தொந்தரவு உண்டு. இறங்கியதைத் தாங்குவதற்கு டாக்டர் பிறப்புறுப்புக்குள் பொருத்தும் வளையத்தை (பெசரி) வைத்துக்கொண்டுதான் நீந்துகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இடுப்பெலும்புக்கு அடியில், முன்பக்கத்திலிருந்து வால் எலும்பு வரை தூளி கட்டினாற்போல் தசைகள் இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை அவை. பிரசவம், மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்கள், தீராத மலச்சிக்கல், ஓயாத இருமல், கூடிப்போன உடல் எடை என்று பல காரணங்களால் அந்தத் தாங்கல் தளர்ந்துபோகிறது. பகல் முழுக்க நின்றும் நடந்தும் வேலை செய்தால் சாயங்காலம் அடியில் கனக்கிறது, ஏதோ வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. படுத்து எழுந்தால் காலையில் தேவலை. நீங்கள் சொன்னதும் அதேதானே?

தண்ணீர் நமக்குத் தோதானது என்பதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே கால்கள் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். மார்பளவு போனால் மூன்றில் ஒரு பங்குதான். ஓடும்போதும் குதிக்கும்போதும் தரையிலிருந்து ஏறிவரும் அதிர்வு தண்ணீரில் இல்லை. நீந்தும்போது உடம்பே படுத்த வாக்கில் இருப்பதால், உறுப்புகள் நேரே கீழே அழுத்துவதும் இல்லை. முதல் சில நாள் நீந்தக்கூட வேண்டாம், மார்பளவு தண்ணீரில் நடந்தாலே போதும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது மூச்சை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பலம் கொடுக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, நேராக அடியில்தான் போய் விழுகிறது. ஃப்ரீஸ்டைலில் முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே இருங்கள். மல்லாந்து நீந்துவது இன்னும் சுலபம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் காலை அகட்டி உதைத்துச் சேர்ப்பது சிலருக்கு அடியில் இழுக்கிற மாதிரி இருக்கும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. நீந்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பட்டர்ஃபிளையும், மேலிருந்து குதிப்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

நீந்துவதைவிடக் கரையேறும்போதுதான் எனக்கு உங்களை நினைத்துக் கவலை. விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒரே எம்பில் மேலே வருவீர்களே, அதை அடியோடு விட்டுவிடுங்கள். படி இருக்கும் பக்கமாக வாருங்கள். தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்குகிற படியில் உடம்பின் எடை சட்டென்று திரும்பி வரும். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நில்லுங்கள். அடித்தசையை இறுக்கி உள்ளே மேலே இழுத்து, மூச்சை விட்டபடியே அடுத்த படியில் காலை வையுங்கள். தும்மல் வரும்போதும், குனிந்து எதையாவது தூக்கும்போதும் இதையே செய்யலாம்.

அந்தத் தசைப் பயிற்சியை நீங்கள் ஒருநாளும் விடக் கூடாது. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-இல் எழுதி வெளியிட்டது, இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. 2014-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த பாப்பி என்ற ஆய்வில், இறக்கம் உள்ள 447 பெண்களில் ஒரு பாதியினருக்குத் தனித்தனியாக இந்தப் பயிற்சி சொல்லித்தரப்பட்டது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களுக்கே தொந்தரவு குறைவாக இருந்தது. ஆரம்ப நிலை இறக்கத்துக்குக் குறைந்தது 16 வாரமாவது மேற்பார்வையோடு செய்ய வேண்டும் என்கிறது பிரிட்டனின் 2019 மருத்துவ வழிகாட்டுதல். மேற்பார்வை என்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவது போல உள்ளே இழுக்க வேண்டும். நிறையப் பேர் தெரியாமல் கீழே முக்கிவிடுகிறார்கள். ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சரிசெய்துவிட்டால் நிம்மதி.

தரையில் செய்வதற்கு நடை, சைக்கிள், முழங்காலை மடக்கிப் படுத்து இடுப்பை உயர்த்துவது எல்லாம் நல்லது. சிட்-அப், இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, குதிக்கிற பயிற்சி ஆகியவற்றை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். காலத்துக்கும் கூடாது என்று இல்லை. எதைச் செய்தாலும் அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் உடம்பைக் கேளுங்கள். கனம் கூடியிருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தொடருங்கள்.

வளையம் வைத்தால் நீந்த முடியாதோ என்றும் கேட்டிருந்தீர்கள். சரியான அளவில் பொருந்திய வளையம் உள்ளே இருக்க, தாராளமாக நீந்தலாம். கிளம்புமுன் முக்காமல் சிறுநீர் கழித்துவிடுங்கள், வந்ததும் ஈர உடையை மாற்றிவிடுங்கள். இரத்தக் கசிவு, வெளியே தெரியும் சதையில் புண், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் குளத்துக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே போக வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டால், காயம் ஆறி அவர்கள் சரி என்று சொல்லும்வரை தண்ணீரில் இறங்கவே கூடாது.

அடுத்த முறை போகும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: இறங்கியிருப்பது கர்ப்பப்பை மட்டுமா, சிறுநீர்ப்பையும் சேர்ந்தா? எந்த அளவுக்கு? பிசியோதெரபிக்கு எழுதித் தருவீர்களா? பதிலைத் தாளில் குறித்துக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை