கயலுக்கு

அன்புள்ள கயல்,

அப்பா வெள்ளிக்கிழமை போட்ட பணம் வந்ததா? அப்பத்தாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சித்தப்பா வீட்டு விஷயம் நீ சொன்னபடியேதான் முடிந்தது, அதைப் போனில் பேசிக்கொள்ளலாம்.

அக்டோபர் முழுக்க உன் பேச்சில் ஃபிக் (First-year Interest Group, முதலாமாண்டுக் குழு) பிள்ளைகள்தான். கெமிஸ்ட்ரி லேபில் யார் எதை உடைத்தாள், யார் நம் பருப்புப்பொடியைக் கேட்டு வாங்கித் தின்றான் என்று. ஜனவரி பிறந்ததிலிருந்து ஒரு பெயரும் வரவில்லை. "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்கிறாய். சரி. மார்க்கைப் பற்றி நான் கேட்கவில்லை. ஃபிக் முடிந்தபின் நீ ஒரு படிப்புக் குழு சேர்ப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிக் 1987-லிருந்து நடக்கிறது. இருபது, இருபத்தைந்து முதலாமாண்டுப் பிள்ளைகளை ஒரே லெக்சர்களில் போட்டு, அதோடு ஒரு சீனியர் மாணவர் நடத்தும் 2 கிரெடிட் வகுப்பையும் சேர்த்துவிடுகிறார்கள். சிநேகிதம் தானாக அமைந்ததுபோல் இருக்கும். உண்மையில் டைம்டேபிள்தான் உங்களைச் சேர்த்து உட்காரவைத்தது. ஆட்டம் (இலையுதிர்கால) குவார்ட்டரின் பத்து வாரமும் பரீட்சையும் முடிந்தால் அந்த டைம்டேபிளும் முடிந்தது. ஆகையால் குழு கலைந்தது உன் குறை இல்லை, உன்னைப் பிடிக்காமல் யாரும் விலகவும் இல்லை. டிசம்பர் வரை பல்கலைக்கழகம் செய்துகொடுத்ததை இனி நீயே செய்ய வேண்டும். அதை யாரும் பிள்ளைகளிடம் பளிச்சென்று சொல்வதில்லை.

தனியாகப் படித்தே +2-வில் கணக்கில் நூறு வாங்கியவள் நீ. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். அந்தப் பழக்கம்தான் இப்போது என்னை பயமுறுத்துகிறது. யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1970-களின் பிற்பகுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் படித்த மாணவர்களைக் கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர் இருபது பேர், சீன வம்சாவளி மாணவர் இருபது பேர். முன்னவர்கள் சொன்ன நேரத்துக்குக் கண்ணும் கருத்துமாகப் படித்தார்கள், ஆனால் தனித்தனியாக. எங்கே தவறுகிறோம் என்று பரீட்சைத்தாள் வரும்வரை தெரியவில்லை. பின்னவர்கள் தனியாகப் போட்டுவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் பிரித்துப் பார்த்தார்கள். முன்னவர்கள் மார்க்கில் பின்தங்கியதற்குக் கெட்டிக்காரத்தனமோ குடும்பமோ காரணமில்லை என்று கண்டுகொண்ட ட்ரைஸ்மன், அதன்பின் தொடங்கிய வகுப்பில் சுலபக் கணக்கு கொடுக்கவில்லை. கடினமானவற்றைக் கொடுத்துக் கூடிப் போடச் சொன்னார். சேர்ந்து படிப்பது தேறாத பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதே.

இந்தக் குவார்ட்டர் கால்குலஸ் வகுப்பான மேத் 125-இல் உனக்கு இன்டெக்ரேஷன் (தொகையீடு) வரும். நம் ஊர்ப் பிள்ளைகள் அதில் சறுக்குவதில்லை, இன்டெக்ரலை அமைப்பதில்தான் சறுக்குகிறார்கள். தொட்டித் தண்ணீரை மேலே இறைக்க எவ்வளவு வேலை என்று கேட்டால், எந்தத் துண்டை எடுப்பது, அது எவ்வளவு தூரம் ஏற வேண்டும், எல்லை எங்கிருந்து எங்கே என்பதை வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். எதிரில் ஒருவர் "ஏன் அப்படி?" என்று கேட்டால்தான் ஓட்டை தெரியும்.

இந்த வாரமே, லெக்சரோடு சேர்ந்த சிறு வகுப்பான உன் குவிஸ் செக்‌ஷனில் மூன்று பேரைக் கேள். உன்னையும் சேர்த்து நாலு பேர். ஆறானால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அறைத்தோழியைச் சேர்ப்பதைவிட அதே செக்‌ஷன்காரர்கள் மேல், ஒரே தாள், ஒரே தேதி. "ஒருநாள் சேர்ந்து படிப்போமா" என்று கேட்காதே, அந்த ஒருநாள் வராது. "செவ்வாய் நாலரைக்கு, ஓடிகார்ட் லைப்ரரியில், ஒன்றரை மணி நேரம்" என்று கேள். வருவதற்கு முன் எல்லாரும் கணக்குகளைத் தனியாக முயன்றிருக்க வேண்டும். இதை விட்டால் மூன்றாம் வாரத்தில் அது காப்பி அடிக்கும் கூட்டமாகிவிடும். ஆன்லைனில் வீட்டுப்பாடம் போடும் வெப்அசைனில் ஆளுக்கு ஆள் எண் மாறும், முறை மாறாது, அதனால் காப்பி அடித்தவர்களுக்கும் எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். போட்டவர் வாய் மூடியிருக்கட்டும், போடாதவர் விளக்கட்டும். எழுதிக் கொடுப்பதை மட்டும் அவரவர் தனியாக எழுதுங்கள்.

நாலு பேரும் ஒரே இடத்தில் முட்டி நின்றால் அன்று மாலையே மேரி கேட்ஸ் ஹாலில் க்ளூ என்ற பாட உதவி மையத்துக்குப் போங்கள், காசு கிடையாது. முதல் மிட்டெர்ம் நாலாவது, ஐந்தாவது வாரத்திலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு குழு தேடினால், எல்லாரும் ஏற்கெனவே ஒரு மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் இந்த வாரமே என்கிறேன்.

அங்கே இப்போது நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடுகிறதாமே. இருட்டியதும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. நீ போனை எடுக்காத நாளில் அப்பா ஒன்றும் பேசுவதில்லை, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். ஒரு மெசேஜ் போட எவ்வளவு நேரமாகும் கயல்?

அக்டோபரில் முன்பின் தெரியாத இருபது பேரிடம் போய்ப் பேசியவள் நீ. இப்போது மூன்று பேரிடம் பேசினால் போதும். அந்தப் பருப்புப்பொடிப் பையன் 125 எடுத்திருக்கிறானா? இருந்தால் அவனிடமிருந்தே தொடங்கு. பொடி இன்னும் ஒரு கிலோ அரைத்து வைத்திருக்கிறேன், வருகிற பார்சலில் வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எந்த நாள், எத்தனை மணி, யார் யார் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா