தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு எலிக் கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலிக்கு ஓசூர் குளிரைத் திட்டியிருந்தாய். குளிர் என்ன செய்யும் பாவம், நமக்கு 66 வயது ஆகிறது. இங்கே குளிரே கிடையாது, எனக்கும்தான் வலிக்கிறது.

பதில் தாமதமானதற்குக் காரணம் எலி. சிரிக்காதே. பேத்தி கொளத்தூருக்கு வண்ணமீன் வாங்கப் போனவள், மீனை விட்டுவிட்டு ஜெர்பில் என்கிற வளர்ப்பு எலி ஒரு ஜோடியோடு வந்து நின்றாள். தெரிந்த பையன் ஒருவன் வீட்டில் வளர்க்கிறானாம், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண் குட்டிகளைக் கொடுத்துவிட்டான். "பெருச்சாளிக்குப் பொறி வைக்கிற தெருவுல எலிக்கு வீடு கட்டித் தர்ற மனுஷன் நீங்க ஒருத்தர்தான்" என்றாள் என் வீட்டுக்காரி. அவள் சொன்னதில் தப்பில்லை.

பார்க்க அழகுதான். மணல் நிறம், உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, ஏறக்குறைய அதே நீளத்துக்கு வால், வால் நுனியில் மயிர்க் குஞ்சம். வயல்காட்டில் வெள்ளெலி என்று பிடிப்பார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் இதன் ஊர் மங்கோலியாவும் வட சீனாவும். 1935-இல் ஜப்பான்காரர்கள் அமூர் ஆற்றுப் பக்கத்தில் 20 ஜோடி பிடித்துப்போய் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்களாம். 1954-இல் அங்கிருந்து அமெரிக்கா போயிருக்கிறது. இப்போது தண்டையார்பேட்டை.

வறண்ட பூமியில் பிறந்த சாதிக்கு நம் கடற்காற்று ஒத்துக்கொள்ளுமா? முதல் வாரமே முடியெல்லாம் எண்ணெய் தடவினாற்போல் ஒட்டிக்கொண்டது. ஈரப்பதம் ஏறினால் அப்படித்தான் ஆகும் என்றான் அந்தப் பையன். மணலில் புரண்டுதான் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளுமாம். காசிமேட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு வாளி அள்ளிவரக் கிளம்பினேன். உப்பு மணல் வேண்டாம் என்று தடுத்துவிட்டான். ஆற்று மணலைக் கழுவி, சலித்து, வாணலியில் வறுத்து ஆறவைத்து ஒரு கிண்ணத்தில் வைத்தேன். வாணலி விஷயம் வீட்டுக்காரிக்குத் தெரியாது, நீயும் போனில் உளறிவிடாதே.

இனி உன்னிடம் சொல்லவேண்டிய கதை. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்குப் பல வருஷம் முன்னால், அங்கே நாம் வாங்கிவந்த முதல் புறா ஜோடி நினைவிருக்கிறதா? நான் கூண்டுக்குள் கைவிட்டாலே இரண்டும் படபடவென்று சிறகடிக்கும். உன் தோளிலோ தானாக வந்து உட்காரும். "கை மேலேயிருந்து வந்தா அது புறாவைத் தூக்குற வைரிடா, கீழேயிருந்து வந்தாத்தான் தின்னுற கம்பு" என்பாய். அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை.

இந்த எலிகளை முதல் மூன்று நாள் தொடாமல்தான் இருந்தேன். பழைய மீன்தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு மரத்தூளும் வைக்கோலும் நிரப்பி, அட்டைப்பெட்டித் துண்டுகளைப் போட்டோம். ஒரே ராத்திரியில் அட்டையைக் கடித்துத் தூளாக்கி உள்ளே சுரங்கம் தோண்டிவிட்டன. வாசலில் மெட்ரோ ரயிலுக்கு எத்தனை வருஷம் தோண்டினார்கள்!

ஐந்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது, வால் தோல் உறைபோல் கழன்று வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் வாலை விட்டுவிட்டு மேலேயிருந்து கையால் ஒன்றின் உடம்பை அமுக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான். உடம்பு விறைத்து, காது பின்னால் போய், வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. செத்தே போயிற்று என்று நினைத்தேன். பேத்தி அழுதாள். மெதுவாகத் தொட்டியில் விட்டு, மேலே துணி போட்டு மூடி, சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம். சிறிது நேரத்தில் எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல் முகம் கழுவியது. இந்த இனத்தில் சிலதுக்குப் பரம்பரையாகவே இப்படி வலிப்பு வருமாம். பயமோ புது இடமோ அதைக் கிளப்பிவிடும். என் கைதான் கிளப்பியது.

மறுநாளிலிருந்து உன் வைத்தியம். சோப்பு வாசனை இல்லாமல் கையைக் கழுவி, தொட்டியின் தரையோடு மல்லாக்க வைத்துவிட்டு பேப்பர் படித்தேன். தினம் பத்து நிமிஷம். முதலில் பின்னங்காலால் தரையைத் தட்டின. கேரம் போர்டில் விரலால் சுண்டுகிற மாதிரி டப் டப் என்று சத்தம். ஆபத்து என்று கூட்டாளிக்குச் சொல்கிற பாஷை அது. நாலாம் நாள் தட்டல் நின்றது. அப்புறம் ஒன்று வந்து என் நகத்தைக் கடித்துப் பார்த்தது, வலிக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதை வைத்தேன், எடுத்துக்கொண்டு ஓடியது. இரண்டாம் வாரம் கையிலேயே உட்கார்ந்து உரித்துத் தின்றது. நிறையக் கொடுத்தால் கொழுத்துவிடும் என்பதால் நாளுக்கு இரண்டு மூன்றோடு சரி.

இப்போது சாயங்காலம் பெரிய பிளாஸ்டிக் டப்பில் நான் காலை மடக்கி உட்கார்ந்தால் இரண்டும் என் லுங்கி மேல் ஏறித் தோள்வரை போகின்றன. தோளில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொள்ளும்போது எனக்கு உன் ஞாபகம்தான். பேத்தியிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்: தூங்கும்போது எழுப்பாதே, துரத்திப் பிடிக்காதே.

அந்தப் பையன் மூன்றாவதாக ஒன்று தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். அண்ணன் தம்பி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்குகின்றன. வாசனையை வைத்துத்தான் இவை சொந்தத்தைக் கண்டுகொள்ளும். புது வாசனை வந்தால் ரத்தம் வரச் சண்டை போடும். நடுவில் கம்பிவலை வைத்து, தினமும் இடம் மாற்றி மாற்றி விட்டுப் பழக்கவேண்டும், அப்படியும் உத்தரவாதம் இல்லை. நம் தெருச் சண்டையே எனக்குப் போதும்.

மொட்டைமாடிப் புறாக்கூண்டைப் போன மாசம் பிரித்துவிட்டார்கள். பலகை எல்லாம் இற்றுப்போயிருந்தது. உன் பெயரை ஆணியால் கீறியிருந்தாயே, அந்தத் துண்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். வரும்போது உங்கள் பக்கத்துக் கேழ்வரகு இரண்டு கிலோ கொண்டுவா. எலிக்கு ஒரு பிடி, மிச்சம் நமக்குக் கூழ்.

உன் அவசரக்கை நண்பன்