முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்த கடல்

அன்புக் கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் கோத்தகிரி வந்து சேர்ந்து ஒன்பது நாளாகிறது. தினமும் போனில் பேசுகிறோம். "டூர் எப்படிப்பா இருந்துச்சு?" என்று நீ கேட்கிறாய். "நல்லா இருந்துச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். நீயோ, லீவு கிடைக்காமல் பிரான்சின் தெற்குக் கடற்கரையைப் பார்க்க எங்களை மட்டும் லியோனில் ரயிலேற்றிவிட்டதை நினைத்து ஒவ்வொரு தடவையும் வருத்தப்படுகிறாய். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லத்தான் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன்.

டூர் அன்று காலை எட்டரைக்கெல்லாம் நீஸ் நகரத்தில் நாங்கள் தங்கிய ஓட்டல் வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி நீ முன்னாலேயே எழுதியிருந்தாய் போல. சின்ன முக்காலி ஒன்றைக் கீழே போட்டு, கை கொடுத்து ஏற்றிவிட்டார். நான் நேராகப் போய் வலது பக்க முன்கதவைத் திறந்தேன். 31 வருஷம் பஸ் ஓட்ட அந்தக் கதவைத் திறந்துதானே ஏறினேன். உள்ளே ஸ்டியரிங் இல்லை, அந்த ஊரில் அது இடது பக்கம். நான் முன்னால் உட்கார ஆசைப்படுகிறேன் என்று நினைத்து, அவர் சீட்டில் இருந்த தன் பையை எடுத்துக்கொண்டார். அப்படித்தான் நாள் முழுக்க முன் சீட்டில் வந்தேன்.

முதலில் நீஸின் கடற்கரைச் சாலை. ப்ரொமனாத் தேஸ் ஆங்லே என்றால் ஆங்கிலேயர் நடைபாதை என்று பொருளாம். சுமார் 7 கிலோமீட்டர். 1820-களில், குளிருக்குப் பயந்து இங்கே வந்து தங்கிய ஆங்கிலேயர்கள் பணம் போட்டு, பிழைப்பில்லாமல் தவித்தவர்களுக்குக் கூலி கொடுத்துப் போட்ட பாதை. ஏறக்குறைய அதே காலத்தில்தான் கலெக்டர் சல்லிவன் துரை நம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். இந்தக் கடற்கரை ஆரம்பத்தில் குளிர்கால ஊராகத்தான் இருந்திருக்கிறது. கோடையில் கூட்டம் வருவதெல்லாம் 1920-களுக்குப் பிறகு பிடித்த பழக்கம்.

அதே சாலையில்தான் 2016 ஜூலை 14 ராத்திரி, வாணவேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குள் ஒருவன் லாரியை விட்டான். 86 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் நினைவாக வைத்த தேவதைச் சிலையைக் கடக்கும்போது டிரைவர் வேகத்தைக் குறைத்து, கையால் காட்டினார். வேறெதுவும் சொல்லவில்லை. ஸ்டியரிங் பிடித்துப் பிள்ளை வளர்த்தவன் நான். அது எனக்கு நெஞ்சில் இடித்தது.

துறைமுகம் தாண்டியதும் மலையும் வளைவும் தொடங்கிவிட்டன. நீஸுக்கும், கிழக்கே இருக்கிற மாந்தோன் ஊருக்கும் நடுவே ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சாலைகள், மூன்றுக்கும் பெயர் கோர்னிஷ். கீழ்ச்சாலை கடலை ஒட்டியே போகும். நடுச்சாலை மலை இடுப்பில். மேல்சாலை சுமார் 500 மீட்டர் உயரம் வரை ஏறும், அது நெப்போலியன் காலத்தில் போட்டது. நாங்கள் போனது கீழ்ச்சாலையில். மூன்றாவது வளைவா நாலாவதா தெரியவில்லை, அவர் என் காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இல்லாத பிரேக்கை நான் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன். "நீங்களும் டிரைவரா?" என்றார். மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன் என்றேன். அவ்வளவுதான், அதுவரை வந்தவர்களுக்கு ஒப்பிக்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசினார்.

எனக்கு முதலில் விளங்கியது, அந்த மனிதர் வழியை எப்படி யோசித்திருக்கிறார் என்பதுதான். அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்டுகிறார்கள். நீஸிலிருந்து கிழக்கே போனால் வலது பக்கம் கடல். அதனால் போகும்போது கீழ்ச்சாலை, நம் வண்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே வேறு வண்டியே கிடையாது. திரும்பும்போது மேல்சாலை. அப்போது நாம் மலைப் பக்கம் ஓட்டுவோம், பள்ளம் எதிர்ப் பக்கம் போய்விடும், பயந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்காது. இப்படி ஒரு டிரைவர்தான் யோசிப்பார். குறுகிய சரிவில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் இறங்குகிற வண்டிதான் நிற்க வேண்டும் என்பது அங்கேயும் சட்டம். எனக்கு மேட்டுப்பாளையம் ரோடு ஞாபகம் வந்துவிட்டது.

வில்ஃபிரான்ஷ் என்ற ஊரில் இறங்கினோம். ஆழமான குடா, கப்பல் கரைக்குக் கிட்டவே வந்து நிற்கிறது. மீனவர்களின் சின்னக் கோயில் ஒன்று, உள்ளே சுவரெல்லாம் ழான் கோக்தோ என்ற பிரெஞ்சுக் கவிஞர் வரைந்தது, 1957-ல் முடித்தாராம். டிரைவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அருங்காட்சியகம், பழைய நினைவுச்சின்னம் மாதிரி இடங்களுக்குள் வழிகாட்டியாகப் போய் விளக்குவதற்கு பிரான்சில் தனி அட்டை வாங்க வேண்டும். டிரைவர் ரோட்டில் சொல்லலாம், உள்ளே சொல்லக் கூடாது. தனக்கு அது இல்லை என்று மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

அடுத்து கப் ஃபெரா, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற நிலமுனை. பெரிய பெரிய கேட், உயரமான வேலி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. பெல்ஜியம் ராஜா இரண்டாம் லெயோபோல்ட் இங்கே நிலம் நிலமாக வாங்கிப் போட்டிருந்தார். காங்கோவில் ரப்பருக்காக எத்தனை சனத்தை வதைத்துச் சம்பாதித்த பணம் அது! எனக்கு அந்தத் தெருவில் மனம் ஒட்டவில்லை, கண்ணு. ஆனால் அந்த மாளிகைகளுக்குக் கீழே, பாறை ஓரமாக ஒரு நடைபாதை போகிறது. 1976-லிருந்து பிரான்சில் கடலோரம் நடந்து போக எல்லோருக்கும் வழிவிட வேண்டும் என்று சட்டமாம். நான் பத்து நிமிஷம் நடந்துவிட்டு வந்தேன்.

மொனாக்கோவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாடு என்று பெயர், சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். 1863-லிருந்து நடக்கிற சூதாட்ட மாளிகை. அந்த நாட்டுக் குடிமக்களே அதில் சூதாடக் கூடாது என்று சட்டம். அம்மா, "நல்ல ராஜா" என்றாள். எனக்கு அந்த மாளிகையைவிட அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிற கொண்டை ஊசி வளைவுதான் பெரிசு. 1929-லிருந்து அந்தத் தெருக்களில்தான் கார் பந்தயம் நடக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயங்களிலேயே மிக மெதுவாகத் திருப்ப வேண்டிய வளைவு அது. உலகத்திலேயே வேகமான வண்டிகள் அங்கே வரும்போது மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஓரத்தில் சிவப்பும் வெள்ளையும் அடித்த விளிம்புக்கல். டிரைவர் அந்த வளைவில் என்னை இரண்டு தடவை கூட்டிப்போனார், நான் கேட்கவே இல்லை. கோத்தகிரி ரோட்டில் முழு லோடு பஸ்ஸை ஒரே ஒடிப்பில் திருப்பிக்கொண்டு போன நாளெல்லாம் என் தோளுக்குள் திரும்பி வந்தது. வேகத்தைக் குறைக்கிற இடத்தில்தான் டிரைவரின் கை தெரியும் என்று நான் உன் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும்.

மாந்தோன் போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்குத் தலை சுற்றல். கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் அவள் மலைப்பாதையில் போனதே கிடையாது, அன்று பார்த்து ஓட்டலில் மறந்துவிட்டாள். டிரைவர் வண்டியை நிறுத்தி, கடையில் இலையோடு ஒரு பழம் வாங்கி வந்து கொடுத்தார். மாந்தோன் ஊரே எலுமிச்சம்பழத்துக்குப் பேர் போனது. தோலோடு கடித்துத் தின்கிறார்கள், கசப்பில்லை. 2015-லிருந்து அந்தப் பழத்துக்கு, நம் ஊரில் புவிசார் குறியீடு என்கிறோமே, அது மாதிரி ஒன்று இருக்கிறது. நாங்கள் போனது பிப்ரவரி, எலுமிச்சைத் திருவிழா நேரம். 1934-லிருந்து நடக்கிறதாம். எலுமிச்சையும் ஆரஞ்சுமாக அடுக்கி ஆள் உயரத்துக்கும் மேலே உருவங்கள் செய்து நிறுத்தியிருந்தார்கள். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, நம் ஊர்ப் பழத்துக்கு வாசம் அதிகம் என்றாள். ஆனால் அந்தப் பழத்தை ராத்திரி வரை கையைவிட்டு இறக்கவில்லை.

ஊருக்கு மேலே பழைய கோட்டை இருந்த இடத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். நான் மட்டும் ஏறினேன். அதைப் பற்றித்தான் போனில் சொல்ல வரவில்லை. 1860-களிலிருந்து காசநோய் வந்த பிள்ளைகளை இங்கிலாந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் இந்த ஊருக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள், வெயில் பட்டால் பிழைத்துக்கொள்வார்கள் என்று. அப்போது மருந்து கிடையாது. கல்லில் வெட்டியிருந்த வருஷங்களைக் கழித்துப் பார்த்தேன். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். பெற்றவர்கள் தூர தேசத்தில் புதைத்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார்கள். நீ டிசம்பரில் மூன்று வாரம் இருமியதை எங்களிடம் சொல்லாமல் இருந்தாயே, அது நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கழுத்துக்கு மப்ளர் இல்லாமல் வெளியே போகாதே. இருமல் வந்தால் அன்றைக்கே சொல்.

திரும்பும்போது மேல்சாலை. லா துர்பி என்ற ஊரில் ரோம ராஜா அகஸ்டஸுக்காக நட்ட வெற்றித்தூண், கி.மு. 6-ஐ ஒட்டிக் கட்டியது. ஆல்ப்ஸ் மலையில் அவன் அடக்கிய 45 குலங்களின் பெயரையும் அதில் வெட்டியிருக்கிறார்கள். ரோமர்கள் போட்ட பாதையும் இந்தக் கணவாய் வழியாகத்தான் போயிருக்கிறது. அங்கிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு சாலையில்தான் 1982 செப்டம்பர் 13 அன்று மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி ஓட்டிய வண்டி வளைவைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. ஓட்டும்போதே மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள் வைத்தியர்கள். மறுநாள் இறந்துபோனார். பக்கத்து சீட்டில் இருந்த 17 வயது மகள் பிழைத்துக்கொண்டாள். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வளைவில் நிறுத்தச் சொல்லிப் படம் எடுக்கிறார்களாம். "நான் நிறுத்துவதில்லை" என்றார் டிரைவர். சரிதான் என்றேன்.

அந்த மேட்டில் மஞ்சளாக ஒரே பூ. மிமோசா என்று அவர் பெருமையாகக் காட்டினார். பார்த்தால் நம் சீகை மரம்! இரண்டு ஊருக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். நம் காட்டில் புல்வெளியை அழிக்கிறது என்று அதை வெட்ட ஆள் விடுகிறார்கள், அங்கே அதற்கு விழா எடுக்கிறார்கள். அம்மா ஜன்னலை இறக்கி, "வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

அப்போதுதான் நான் அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். இரண்டு பெண்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை, இவருக்கு அந்த இரண்டு மாதமும் ஓய்வே கிடையாது. "ஊரெல்லாம் சுற்றிக் காட்டுகிறேன், என் பிள்ளைகளைத்தான் இன்னும் கூட்டிவரவில்லை" என்றார். எனக்குப் பதில் வரவில்லை, கண்ணு.

உன் ஏப்ரல், மே எல்லாம் எனக்கு சீசன் டூட்டிதான். மலையே நிரம்பி வழியும், லீவு கேட்க வாயே வராது. நீ நாலாவது படிக்கும்போது ஒரு நாள் அடம்பிடித்தாய் என்று அம்மா உன்னை என் பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டாள். என் பக்கத்தில் இன்ஜின் பானெட் மேல், சூட்டுக்குத் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து வந்தாய். மேட்டுப்பாளையத்தில் உனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தேன், அடுத்த டிரிப்பிலேயே திரும்பிவிட்டோம். பள்ளி திறந்ததும் 'கோடை விடுமுறையை எப்படிக் கழித்தேன்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். "அப்பாவுடன் மேட்டுப்பாளையம் போனேன். திரும்பி வந்தேன்" என்று இரண்டு வரி எழுதியிருந்தாய். அந்த நோட்டு இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

ஒரு நாளாவது லீவு போட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஒரு நாளில் டிப்போ ஒன்றும் மூடியிருக்காது. இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. ஆகவே லீவு கிடைக்காததற்கு நீ என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஏஸ் என்ற மலையுச்சி ஊரில் சாயங்காலம். கோட்டை இருந்த பாறையில் கள்ளிச்செடித் தோட்டம், கீழே 400 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் கடல். அம்மாவால் ஏற முடியாததால் நான் சீக்கிரமே இறங்கி வந்துவிட்டேன். வந்து பார்த்தால் டிரைவர் அவளுக்கு சொக்கா என்ற பலகாரம் வாங்கி வந்திருந்தார். கடலை மாவைக் கரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டுப் பெரிய தட்டில் சுடுகிறார்கள். "கொஞ்சம் சீரகம் போட்டிருக்கலாம்" என்றபடியே முழுவதையும் சாப்பிட்டாள்.

ஓட்டல் வாசலில் இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சீசனுக்கு முன்னால் ஒரு நாள் பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போகச் சொன்னேன். சரி என்றார். செய்வார் என்று நம்புகிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். நீ ஏப்ரலில் வருவதாகச் சொன்னாயே, மாற்றிவிடாதே. சித்தப்பாவிடம் வண்டி கேட்டு வைத்திருக்கிறேன், பிரேக்கும் டயரும் நானே பார்த்துவிட்டேன். காலையிலேயே கிளம்பினால் கேத்தரின் அருவி, மத்தியானம் கோடநாடு காட்சிமுனை. அவசரமே இல்லாமல் ஓட்டுவேன். நீ முன் சீட்டில் உட்கார். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், அம்மா எலுமிச்சம்பழம் வாங்கி வைக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா