ஐம்பது வயது வரை காத்திருக்கக் கூடாதவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஐம்பது வயதாகிவிட்டால், பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறிய மலப் பரிசோதனைப் பெட்டியை வாங்கிச் செய்துபாருங்கள் என்று சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்களில் விடாமல் சொல்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஐம்பது என்ற கணக்குக்குள் அடங்காத சிலரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

என் தம்பிக்கு அக்ரோமெகலி. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி தோன்றி, வளர்ச்சி ஹார்மோன் அளவுமீறிச் சுரக்கும் நோய். கட்டி பெரும்பாலும் புற்று அல்ல. பெரியவர்களுக்கு உயரம் கூடாது; கை, கால், தாடை, மூக்குதான் பெருக்கும். பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல வருவதால் கூடவே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தம்பியின் கல்யாண மோதிரத்தைச் சிராங்கூன் சாலையில் ஒரு பத்தர் அறுத்துத்தான் எடுத்தார். வெறும் வீக்கம் என்று நினைத்து, சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை வேறு!

வெளியே இப்படியென்றால், உள்ளே பெருங்குடலும் நீண்டு வளைந்துவிடுகிறது. பாலிப் எனப்படும் சதை வளர்ச்சிகள் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். எல்லாருக்கும் புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் சில வகைப் பாலிப்புகளை விட்டுவைத்தால் நாளடைவில் புற்றாக மாறலாம். அதனால்தான் பிரிட்டிஷ் குடல் மருத்துவர் சங்கம் 2010இல் இவர்களுக்கு நாற்பது வயதிலிருந்தே கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் சோதனை, வேண்டும் என்றது. அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவச் சங்கம் 2014இல், நோய் உறுதியானதுமே செய்துவிடச் சொன்னது.

தம்பிக்கு வயது 43. சுரப்பி மருத்துவர் இரத்தத்தையும் எம்ஆர்ஐ படத்தையும் பார்த்தார். குடல் என்ற பேச்சே எழவில்லை. குடும்ப மருத்துவரோ, "ஐம்பதாகட்டும், பார்க்கலாம்" என்றார். இருவரும் கெட்டிக்காரர்கள்தாம். ஆளுக்கோர் உறுப்பு என்று பங்கு பிரித்துக்கொண்டதில் குடல் யார் பங்கிலும் விழவில்லை! நாங்களாக வற்புறுத்தித்தான் கொலோனோஸ்கோபிக்கு நாள் வாங்கினோம்.

அங்கும் ஒரு சிக்கல். முதல் நாள் இரவு வழக்கமான அளவு பேதி மருந்துதான் கொடுத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடித்து, இரவெல்லாம் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தான். காலையில் பார்த்தால் குடல் சுத்தமாகவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீண்ட குடலுக்குக் கூடுதல் மருந்து தேவைப்படும் என்பதை முன்பே சொல்லியிருந்தால் ஒரு பட்டினி மிச்சமாகியிருக்கும். மறுமுறை கூடுதலாகக் குடித்துப் போனபோது ஒரு சிறு பாலிப்பைக் கண்டு, அப்போதே வெட்டி எடுத்தார்கள்.

மலப் பரிசோதனையே போதாதா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவைக் கண்டுபிடிப்பது. சிறு பாலிப் இரத்தம் கசியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடலின் வலக்கோடியிலும் இவர்களுக்கு வளர்ச்சிகள் வரக்கூடும் என்பதால் முழுக் குடலையும் பார்ப்பதே முறை. பாலிப் இருந்தாலோ, ஹார்மோன் கட்டுக்குள் வராவிட்டாலோ, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மறுபடியும் பார்க்கவேண்டும்.

அரசின் 'ஹெல்தியர் எஸ்ஜி' சுகாதாரத் திட்டத்தில் நாற்பது வயது முதலே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்று கேட்கும் அதே மூச்சில், உங்களுக்குப் பிட்யூட்டரி கோளாறு உண்டா என்றும் மருத்துவர்கள் கேட்கட்டும். சுரப்பிப் பிரிவிலிருந்து குடும்ப மருத்துவருக்குப் போகும் கடிதத்தில், கொலோனோஸ்கோபி எப்போது செய்யவேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்