களமும் எங்கள் கல்லூரிதான் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்

பல்கலைக்கழகச் சமூகப்பணிப் பாடத்திட்டக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். இளங்கலை சமூகப்பணி மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். இந்தப் பருவத் தேர்வுக்கான ஹால் டிக்கெட் வழங்கிய அன்று, எங்கள் வகுப்புத் தோழர் ஒருவருக்கு மட்டும் அது நிறுத்திவைக்கப்பட்டது. எழுத்துத் தாள்கள் அத்தனையிலும் அவருக்கு வருகைப்பதிவு சரியாக இருக்கிறது. மக்களிடம் நேரில் போய்ச் செய்யும் பயிற்சியான களப்பணியின் மணிநேரம்தான் குறைகிறது. விடுமுறையில் அந்த மணிநேரத்தை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த பருவத்தில் எழுதலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விடுமுறையில் அவர் லோடுமேன் வேலைக்குப் போய்த்தான் அடுத்த பருவக் கட்டணத்தைக் கட்டுகிறார். களப்பணிக்கு அவர் போகாத நாட்களில் அவர் கையில் பேருந்துக் கட்டணம் இல்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

வாரத்தில் 2 நாள் களப்பணி, மறுநாள் காலையில் அறிக்கை, ஆசிரியருடன் தனிநபர் கலந்தாய்வு, குழுக் கலந்தாய்வு, ஆண்டுக்கொரு ஊரக முகாம் என்று எங்கள் படிப்பின் முதுகெலும்பை வகுத்தவர்கள் நீங்கள். களப்பணியில் தேறாதவர் பட்டம் பெற முடியாது என்று விதி எழுதியதும் நீங்கள்தான். அந்த விதி சரியானது என்றே நான் நம்புகிறேன். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு ஒரு குடும்பத்தின் துயரத்தில் கை வைக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் எத்தனை மணிநேரம், எத்தனை அறிக்கை, எத்தனை மதிப்பெண் என்று எண்ணி எண்ணி எழுதிய அந்தப் பாடத்திட்டத்தில், மாணவர் களத்துக்கு எப்படிப் போய்ச் சேருவார், அதற்கான செலவு யாருடையது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில் மட்டுமே செல்லும். களப்பணி நடக்கும் ஊரோ பெரும்பாலும் வேறு திசையில் இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் மாணவிகளான எங்களுக்குப் பாதிச் சுமை குறைந்தது. அதற்கு நன்றியுள்ளவர்களாகவே இருக்கிறோம். ஆனால் அந்தப் பேருந்து போகாத ஊருக்கு மினி பஸ்ஸில்தான் போக வேண்டும், தனியாருடைய அந்த வண்டியில் எல்லோரும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஆண் மாணவர்களுக்கோ பாஸ் செல்லாத வழியில் எந்த வண்டியிலும் விலக்கு இல்லை. ஒரு நாள் போய்வர 60 ரூபாய் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 500 ரூபாய் ஆகிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதந்தோறும் வரும் 1,000 ரூபாயில் பாதி இப்படிப் போகிறது. அந்தத் தொகை கிடைக்காதவர்கள் மதியச் சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஹால் டிக்கெட் மறுக்கப்பட்ட என் தோழருக்குக் களம் ஒரு கிராம ஊராட்சி. அங்கே ஒருவரின் சிக்கல் தீரக் கூடவே நின்று உதவும் தனிநபர் சமூகப்பணிக்காக அவர் எடுத்துக்கொண்டவர், பிள்ளைகள் இல்லாத ஒரு மூதாட்டி. முதியோர் உதவித்தொகைக்கு அவர் ஏற்கெனவே ஒருமுறை எழுதிப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. வயலில் உழைத்து ரேகை தேய்ந்துபோன விரல்களை இயந்திரம் ஏற்கவில்லை. ஆதாரில் இருந்த பிறந்த ஆண்டும் பிழை. இதையெல்லாம் வாரக்கணக்கில் திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் தோழர் தெரிந்துகொண்டார், ஏனென்றால் தொடக்கத்தில் அந்த அம்மா இவரைக் கடன் வசூலிக்க வந்தவர் என்று நினைத்து வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஆதார் மையத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். அன்று பாதி வழியில் நடத்துநர் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது காலேஜ் ரூட்டுக்குத்தான் செல்லும், டிக்கெட் எடு, இல்லன்னா இறங்கிக்கோ" என்றிருக்கிறார். அவர் விதிப்படிதான் நடந்துகொண்டார். தோழர் இறங்கி நடந்தார். ஊர் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. அந்த அம்மா காலையிலேயே குளித்து, நல்ல சேலை கட்டி, ஆதார் அட்டையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தார். களப்பணித் தாளில் அன்று தோழருக்கு அரை நாள்தான் பதிவானது. அதன் பிறகு அந்த அம்மா பழையபடி பேசவில்லை.

ஒருவரிடம் சொன்ன நாளில் போய் நிற்பதுதான் எங்களுக்கு முதல் பருவத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். நம்பிக்கை வைத்த ஒருவரைக் காக்கவைத்தால் அவருக்கு முன்பிருந்ததைவிட அதிகத் தீங்கு செய்தவர்களாவோம் என்றும் சொல்லித்தருகிறீர்கள். அந்தப் பாடத்தைக் கடைப்பிடிக்க மாணவருக்கு வேண்டியிருந்தது 30 ரூபாய். அது இல்லாததற்கு அவருக்குத் தண்டனை கொடுக்கிறோம். இதை நான் கோபமில்லாமல் எழுதிவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

சமூகப்பணிக் கல்வி நம் நாட்டில் 1936இல் பம்பாயில், சர் தொராப்ஜி டாட்டா பெயரிலான பள்ளியில் தொடங்கியபோது ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்காகத்தான் தொடங்கியது. சமூக சேவகி மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று சென்னைச் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கியது 1952இல். இரண்டும் பெருநகரங்கள். இன்று அதே களப்பணி முறை, மாவட்டத் தலைநகரங்களிலும் அதற்கும் அப்பாலும் பிளஸ் டூ முடித்து வரும் 17, 18 வயதுப் பிள்ளைகளின் தோளில் இருக்கிறது. எங்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். யாருக்காகச் சமூகப்பணி என்று பாடத்தில் எழுதியிருக்கிறதோ, அந்த வீடுகளிலிருந்தே நாங்கள் வருகிறோம். இதில் எனக்குப் பெருமைதான். ஆனால் படிப்பவர்கள் மாறிய பிறகும் களச் செலவை மாணவரே பார்த்துக்கொள்வார் என்ற பழைய நினைப்பு மாறவில்லை. பயிற்சி மருத்துவர்களுக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது, அது நியாயம். நாங்கள் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. போய்வரும் வழியைத்தான் கேட்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு பட்டம் வாங்கி வெளியே வந்தால் என்ன காத்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர் என்ற பெயரிலேயே உள்ள பணிக்கு, களத்தையே பார்க்காத பிற சமூக அறிவியல் பட்டதாரிகளும் எங்களோடு சமமாக விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம் 18,536 ரூபாய். மனநலச் சமூகப் பணியாளர் ஆகலாம் என்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் முதுகலையும் அதற்கு மேல் எம்.பில்.லும் கேட்கிறது. வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் சமூகப் பணியாளர் அனைவருக்குமான ஒரு கவுன்சில் இந்த நாட்டில் இன்னும் அமையவில்லை. எங்கள் களப்பணி மணிநேரத்தைக் கல்லூரி எண்ணுகிறது, பல்கலைக்கழகம் எண்ணுகிறது. வேலை தருபவர் யாரும் எண்ணுவதில்லை. இவற்றை உங்களால் மட்டும் மாற்ற முடியாது என்பதை அறிவேன். ஆகவே உங்கள் கைக்கு எட்டுவதை மட்டும் கேட்டுத் திரும்புகிறேன்.

களப்பணி நடக்கும் இடமும் கல்லூரியின் பகுதியே என்று பாடத்திட்ட விதிகளில் எழுதிச் சேர்த்திடுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், அதைக் காட்டி எங்கள் கல்லூரி முதல்வர் போக்குவரத்துக் கழகத்திடம் களத்துக்கும் செல்லுபடியாகும் பாஸ் கேட்க முடியும். இப்போது கேட்டால், விதியில் எங்கே இருக்கிறது என்பதுதான் பதில். பாஸ் கிடைக்கும் வரையிலும், பேருந்தே போகாத ஊர்களுக்கும், களப்பணித் தேர்வுக் கட்டணமாக எங்களிடம் வாங்கும் தொகையிலிருந்து பயணப்படி வழங்க ஏற்பாடு செய்யுங்கள். வழியில் விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கும் அந்த ஒரு வரி பதிலாகும்; மாலை மங்கிய பிறகு மினி பஸ்ஸுக்காக ஆளில்லாத நிறுத்தத்தில் நிற்கும் மாணவிகளின் பெற்றோர் அந்தக் கேள்வியை ஒவ்வொரு வாரமும் கேட்கிறார்கள்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். களமும் எங்கள் கல்லூரிதான் என்று நீங்கள் எழுத்தில் ஏற்க வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது. கூட்டம் கூடுவதற்குக் காலமாகும் என்றால், குறைந்தது என் தோழரின் ஹால் டிக்கெட்டையாவது இப்போதே விடுவித்து, குறையும் மணிநேரத்தைத் தேர்வுக்குப் பிறகு அவர் வேலைக்குப் போகும் நாட்களைத் தவிர்த்து முடிக்க அனுமதி கொடுங்கள். தேர்வு தொடங்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன.

இப்படிக்கு,
இளங்கலை சமூகப்பணி மூன்றாம் ஆண்டு மாணவி